ஐந்தாவது பிறப்பு

கஸ்தூரியம்மாள் இறந்து இரண்டு மாதமும் நான்கு நாளும் ஆகியிருந்தன. ஆடிக் காற்று காமயகவுண்டன்பட்டித் தெருவில் தென்னை ஓலைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த அவள் கணவர் அழகுமலை, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் தயங்கி நின்றார். கையில் டேப்லெட், தோளில் பை. ஸ்டீவன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிறப்பு, இறப்புக் கணக்கெடுக்க வரும் மேற்பார்வையாளர் அவர். கஸ்தூரியம்மாள் இருந்தபோது வந்தால் நேரே உள்ளே வந்து உட்கார்ந்து, "டீச்சர், காப்பி" என்று கேட்கிற ஆள். இப்போது வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்க தம்பி. கணக்கு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான் ஐயா. டீச்சர் எழுதினதுல ஒண்ணு இடிக்குது."

அழகுமலை குழாயை மூடினார். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் யாரும் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை.

ஒரு நாட்டில் வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை குழந்தை பிறக்கிறது என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று முன்பெல்லாம் அழகுமலை யோசித்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் எண்ணுவார்கள் என்றுதான் நினைத்திருந்தார். தன் மனைவி அதில் ஒரு கை என்று தெரிந்த பிறகுதான் விளங்கியது. நாடு முழுக்க சில ஆயிரம் ஊர்களையும் தெருக்களையும் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உள்ளூரிலேயே குடியிருக்கும் ஒருவர், பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியர், பிறப்பையும் இறப்பையும் நடக்க நடக்கப் பதிந்துகொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, அந்தப் பதிவேட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல், வீடு வீடாகத் தானே கேட்டு இன்னொரு பட்டியல் எடுப்பார். பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் மறுபடி அந்த வீட்டுப் படியேறிக் கேட்க வேண்டும். உண்டு என்றால் இருக்கும். இல்லை என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு.

இந்த ஊரில் அவர்களுக்கு ஒதுக்கின பகுதியில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஜனம். கஸ்தூரியம்மாள் இதற்கு முன் இருபத்திரண்டு அரையாண்டு எழுதியிருந்தாள். ஒரு வரிகூட அடிபட்டதில்லை. மேற்பார்வையாளர்கள் நான்கு பேர் மாறினார்கள். அவர்கள் பட்டியலில் விட்டுப்போனதை அவள் பதிவேட்டைப் பார்த்துச் சேர்த்ததுதான் நடந்திருக்கிறது.

ஸ்டீவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இந்த ஜனவரி-ஜூன் அரையாண்டுல, டீச்சர் இருந்த வரைக்கும் அஞ்சு பிறப்பு எழுதியிருக்காங்க, அதுக்கப்புறம் பிறப்பு இல்ல. எனக்கு நாலுதான் வருது. அந்த அஞ்சாவது பிள்ளை இறந்துபோனதாவும் இறப்புப் பக்கத்துல எழுதியிருக்காங்க. அதுவும் எனக்கு வரல."

"எந்த வீடு?"

"தெற்குத் தெரு. தங்கப்பாண்டி வீடு. சம்சாரம் பேர் ஓவியா. மாமியார் இருளம்மாள்தான் பதில் சொன்னாங்க. அப்படி ஒண்ணும் பிறக்கலைன்னு அடிச்சுச் சொல்றாங்க." அவர் டேப்லெட்டைத் தொட்டார், விரலை எடுத்தார். "ஐயா, நான் தப்பாச் சொல்லல. டீச்சருக்குக் கடைசி நாலஞ்சு மாசம் உடம்பு ரொம்ப முடியல. நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். ஏதோ ஒரு வரி தவறி விழுந்திருக்கலாம். பதிவாளர் காலமாயிட்டாருன்னு குறிப்புப் போட்டு அடிச்சிட்டா, யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

அழகுமலை உள்ளே போய்க் காப்பி போட்டார். போடத் தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சர்க்கரை கூடுதலாக விழுந்தது. அடுக்களைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் அட்டை திருப்பி மாட்டியிருந்தது. அதன் வெள்ளைப் பக்கத்தில் அவள் கட்டம் போட்டு, பிறப்புக் கணக்கை அரையாண்டுக்கு ஒன்றாகப் பென்சிலில் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தாள். முதல் புள்ளி பத்தில். அடுத்தது ஒன்பதில். அப்படியே ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசிப் புள்ளி ஆறில். மொத்தத்தில் பார்த்தால் கம்பம்மெட்டு மலைப்பாதை இறக்கம் மாதிரி இருக்கும்.

"ஏன் இப்படி இறங்குது?" என்று ஒருநாள் அவளிடம் கேட்டார்.

"ஏன்னு சொல்றது என் வேலையில்லங்க. எவ்வளவுன்னு சொல்றதுதான் என் வேலை. அதச் சரியாச் சொன்னாத்தான் ஏன்னு ஒருத்தர் உக்காந்து யோசிக்க முடியும்."

"ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? கோடிக்கணக்குல ஜனம் இருக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "நம்ம ஊரு நமக்காக மட்டும் எண்ணப்படலைங்க. எண்ணாத பல ஊருக்குப் பதிலா நிக்குது. நான் ஒரு புள்ளைய விட்டா, பல ஊர்ல ஒவ்வொரு புள்ளைய விட்ட மாதிரி."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஊரார் அவளைப் புள்ளைக்கணக்கு டீச்சர் என்பார்கள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆன வீட்டுப் பக்கம் அவள் போனால், தெருமுனையில் நிற்கும் இளவட்டங்கள், "ஏலே, டீச்சர் வாராக! இன்னும் ஒண்ணும் இல்லன்னு சொல்லி ஓடிரு!" என்று கத்துவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "ஓடுடா ஓடு, உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டுக்கிறேன்" என்பாள். கேட்கவும் செய்வாள்.

காப்பியைக் கொடுத்துவிட்டு அழகுமலை சொன்னார்.

"தம்பி, என் மக சொர்ணலதா தலைப்பிரசவத்துக்கு இங்கனதான் வந்தா. இந்த வீட்டுல இருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. எம் பேத்தி பிறந்த அன்னைக்குத் தெரு பூரா மிட்டாய் கொடுத்தவ, ராத்திரி பதிவேட்ட விரிச்சா. நான் ஆசையா எட்டிப் பாத்தேன். எங்க பேத்திய ஊர்ப் பிறப்புல சேக்கல. ஏன்டின்னு கேட்டா, 'மக குடியிருக்கிறது கோயமுத்தூர்ல. தாய் எங்க குடியிருக்காளோ அங்கனதான் புள்ள கணக்கு. இவ வந்து போறவ'ன்னுட்டா. ரெண்டு நாள் நான் அவகூடப் பேசல. சொந்தப் பேத்தியவே ஊர்க் கணக்குல சேக்காதவ, இல்லாத புள்ளைய எழுதுவாளா?"

ஸ்டீவன் தலையை ஆட்டினார். "எனக்கும் மனசு கேக்கலைதான். அதனாலதான் அடிக்காம வந்தேன். புது ஆள் இன்னும் போடல. மறு விசாரணைக்கு உள்ளூர்ல ஒருத்தர் கூட வரணும். நீங்க வாறீங்களா?"

"சட்டைய மாத்திட்டு வாறேன்."

சட்டை மாற்றும்போதுதான் அவருக்கு அந்தப் பஸ் பயணம் ஞாபகம் வந்தது. மார்ச் மாதம், பரீட்சை நேரம். காலையில் எழுந்ததும், "தேவதானப்பட்டி காமாட்சி கோயிலுக்குப் போகணும்" என்றாள். மூச்சு இரைக்கிறது, கம்பம் போய், தேனி மாறி, பெரியகுளம் தாண்டி அத்தனை தூரம் வேண்டாம் என்று அவர் மல்லுக்கு நின்றார். கேட்கவில்லை. அங்கே போய்ச் சாத்தின கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் கும்பிட்டார்கள். அந்தக் கோயிலில் கதவுக்குத்தான் பூசை, திறப்பதில்லை. கும்பிட்டு முடித்ததும், "நீங்க இங்கன உக்காருங்க, ஒரு வீடு வரைக்கும் போயிட்டு வாறேன்" என்று போனவள், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. கோபத்தில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது பெரியகுளம் தாண்டியதும் அவளாகவே சொன்னாள்.

"இன்னைக்கு ரெண்டு பக்கத்துலயும் எழுதணும்."

எந்த இரண்டு பக்கம் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. பிறப்புப் பக்கமும் இறப்புப் பக்கமும் என்று இப்போது, பித்தான் போடும் கையோடு, விளங்கியது. ஓவியாவின் தாய்வீடு தேவதானப்பட்டி.

தெற்குத் தெருவுக்கு நடக்கும் வழியில் ஸ்டீவன் பேச்சுக் கொடுத்தார். டீச்சர் எப்போது இந்த வேலைக்கு வந்தார்கள், எதற்காக இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்றெல்லாம் கேட்டார். "தெரியல தம்பி" என்றார் அழகுமலை. அது முழு உண்மை இல்லை.

அவள் இந்த வேலையை ஏற்ற முதல் மாதம் தன் பகுதியிலுள்ள எல்லா வீட்டுக்கும் படிவம் நிரப்பினாள். தன் வீட்டுக்கும் நிரப்பினாள். 'உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை' என்ற இடத்தில் இரண்டு என்று போட்டாள். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான" என்றார். சொர்ணலதாவுக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை பிறந்து, ஒரு ராத்திரி இருந்துவிட்டு விடிவதற்குள் போய்விட்டது. தொண்ணூற்று ஒன்றில். பெயர் வைக்கவில்லை, எங்கும் எழுதவில்லை. யார் கேட்டாலும் அவர் ஒண்ணு என்பார், அவள் வாயை மூடிக்கொள்வாள். அன்றைக்கு மூடவில்லை. "எத்தனை இருக்குன்னு கேக்கலைங்க. எத்தனை பிறந்துச்சுன்னு கேட்டிருக்கு. இருபத்திமூணு வருஷத்துல இப்பத்தான் ஒரு காகிதம் என்கிட்டச் சரியாக் கேக்குது" என்றாள். மையை ஊதிக் காயவைத்தாள்.

இருளம்மாள் வாசற்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் மிக்சி ஓடுகிற சத்தம். தங்கப்பாண்டி திராட்சை லோடு ஏற்றப் போயிருந்தான்.

"வாங்கண்ணே. சாரும் வாங்க. போன வாரந்தான் எல்லாத்தையும் ஒப்பிச்சேன். மறுபடியும் முதல்ல இருந்தா?"

"ஒரே ஒரு சந்தேகம்மா" என்றார் ஸ்டீவன். "ஜனவரி மாசம் உங்க மருமகளுக்கு..."

"எம் மருமகளுக்குத் தலைச்சன் இப்பத்தான் வயித்துல இருக்கு. நாலு மாசம். ஐப்பசி பொறக்கட்டும், வளைகாப்புக்குப் பத்திரிகை வைக்கேன், சம்சாரத்தோட வந்து சாப்பிட்டுப் போங்க."

"பொங்கலுக்குத் தேவதானப்பட்டி போயிருந்தாகள்ல?" என்றார் அழகுமலை.

கீரை உருவும் கை நின்றது.

"போனா. ஏழு மாசம் நிறையல, கலைஞ்சு போச்சு. ஊருக்கே தெரியும். கலைஞ்சதையெல்லாமா எழுதுவீக?"

"கலைஞ்சா எழுத மாட்டோம்மா" என்றார் ஸ்டீவன். "உயிரோட பிறந்திருந்தா, ஒரு நிமிஷம் இருந்தாலும், எழுதணும்."

"என்னத்த உயிரோட? தை இருபத்தஞ்சுக்கு வளைகாப்பு நாள் குறிச்சிருந்துச்சு. வளையல்கூட வாங்கிட்டேன். கைநிறைய வளையல் போட்டு அனுப்பின புள்ளைன்னா புள்ள. வளையலே போடல, அதுக்குள்ள போயிருச்சு. அத ஒண்ணாம் நம்பர்னு எழுதிட்டா இப்ப இருக்கது ரெண்டாவது ஆயிரும். ரெண்டாவதுக்கு எவ வளைகாப்புப் போடுவா? என் ஒத்த மருமகளுக்கு ஒரு வளைகாப்புக்கூட இல்லாமப் போகணுமா? நல்லா இருக்கே உங்க கணக்கு!"

அழகுமலைக்கு அவள் சொல்வது புரியாமல் இல்லை. ஆனால் பதிவேடு ஸ்டீவனின் மடியில் விரிந்திருந்தது. கஸ்தூரியம்மாளின் குண்டுக் குண்டான எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. அதன் மேல் ஒரு சிவப்புக் கோட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இருளம்மா, அவள உனக்குத் தெரியும். கண்ணால பாக்காம, காதால கேக்காம ஒரு எழுத்து எழுத மாட்டா. அந்த முடியாத உடம்போட தேவதானப்பட்டி வரைக்கும் போய்..."

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிராதீக." இருளம்மாள் கீரை உருவிப் போட்ட சொளகைத் தள்ளி வைத்தாள். "உங்களுக்கு எத்தனை புள்ளைன்னு ஊருல கேட்டா என்ன சொல்வாக? ஒண்ணும்பாக. நீங்களே ஒண்ணுன்னுதான் சொல்றீக. சொர்ணத்துக்கு முன்ன பிறந்தத நீங்க வாயால சொல்லி நான் கேட்டதில்ல. உங்க வீட்டுல மூடி வச்சிட்டு எங்க வீட்டுல வந்து தெறக்கச் சொல்றீகளே, இது என்ன நாயம்?"

காற்றில் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. ஸ்டீவன் பதிவேட்டின் மேல் குனிந்துகொண்டார்.

அழகுமலை தன் பாதத்தைப் பார்த்தார். விரலிடுக்கில் தோட்டத்து மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"ரெண்டு, இருளம்மா" என்றார். "ரெண்டு பிறந்துச்சு. மூத்தவன் ஒரு ராத்திரி இருந்தான். நான்தான் சொல்லாம இருந்துட்டேன். அவ சொன்னா. எழுதியே வச்சா."

சொன்ன பிறகு அவருக்கு அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. தன் வாயிலிருந்து இந்த ஒரு சொல் வர முப்பத்துநான்கு வருஷம் ஆகியிருக்கிறது. உள்ளே இருக்கிற பெண்ணிடம் அதை ஏழே மாதத்தில் கேட்பது நியாயமாகப் படவில்லை. எழுந்துகொண்டார்.

"எந்திரிங்க தம்பி. புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. இதுக்கு மேல கேக்கக் கூடாது. அடிக்கணும்னா அடிச்சுக்கிருங்க. அவ பொய் எழுதலைன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

ஸ்டீவன் அவரையே பார்த்தார். பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"அடிக்கிறதுக்கு முன்ன வீட்டுக்காரங்களுக்கு ஒரு தடவை முழுசா வாசிச்சுக் காட்டணும்மா. முறை அது." பதிவேட்டைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். "தாய் ஓவியா, வயது இருபத்துநாலு. பிறந்த தேதி ஜனவரி பதினேழு. காலை ஆறு பத்து. ஆண். உயிருடன். முதல் பிரசவம். பெயர், மகிழன்."

மிக்சி நின்றது.

"பேரா?" என்றாள் இருளம்மாள். "பேர் யாரு வச்சா?"

ஓவியா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் அரைத்த தேங்காய் ஒட்டியிருந்தது. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, ஸ்டீவனின் மடியைப் பார்த்தாள்.

"அதுலயா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

"காட்டுங்க."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். தொடவில்லை. உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்ததும் நிமிர்ந்து அழகுமலையிடம் சொன்னாள்.

"இந்தப் பேரு எனக்கும் டீச்சரம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும், பெரியப்பா. எங்க வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. எல்லாரும் ஒண்ணும் ஆகல, மறந்துரு, மறந்துருன்னாக. எங்க அம்மாவும் அதத்தான் சொன்னாக. டீச்சரம்மா மட்டுந்தான் எங்க அம்மா வீட்டுக் கட்டில்ல உக்காந்து, மூச்சு வாங்க மூச்சு வாங்க, எத்தனை மணிக்குப் பிறந்தான்னு கேட்டாக. அழுதானான்னு கேட்டாக. ரெண்டு தடவ அழுதான்னு சொன்னேன். என்ன பேர் நினைச்சிருந்தன்னு கேட்டாக. சொன்னேன். எழுதிக்கிட்டு, என்னையக் கட்டிப் புடிச்சு அழுதாக."

சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கல்யாண ஆல்பத்தோடு வந்து, கடைசிப் பக்கத்து பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை உருவினாள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. ஸ்டீவன் வாங்கிப் பார்த்தார். காலை ஆறு பத்து. உயிருடன். பகல் பதினொன்று இருபதுக்கு இறப்பு. பதிவேட்டின் இரண்டு பக்கத்திலும் உள்ள நேரத்தோடு ஒரு நிமிஷம்கூட மாறவில்லை.

"அஞ்சு மணி நேரமா?" இருளம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த கீரைக் காம்பெல்லாம் தரையில் கொட்டியது. "என்கிட்டப் பிறக்கையிலேயே உசுரு இல்லன்னுதான போன்ல சொன்னாக? எம் பேரன் அஞ்சு மணி நேரம் இருந்தானா? நான் அங்கன வந்திருப்பேனே. ஒரு வண்டியப் புடிச்சாச்சும் வந்திருப்பேனே!"

"நீங்க தாங்க மாட்டீகன்னு அம்மா அப்படிச் சொல்லிட்டாக, அத்த. அதுக்கப்புறம் என்னால மாத்திச் சொல்ல முடியல."

இருளம்மாள் மருமகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று அழகுமலை நினைத்தார். அவள் மருமகளின் கையில் மிச்சமிருந்த தேங்காயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"யார மாதிரி இருந்தான்?" என்றாள்.

"மூக்கு உங்க மூக்கு."

"ஐயோ, அந்த மூக்கா!" என்று சொல்லி இருளம்மாள் சிரித்தாள், அழுதாள். ஸ்டீவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் அடங்கி மோர் வந்த பிறகு, ஸ்டீவன் தயங்கித் தயங்கி டேப்லெட்டை எடுத்தார். கர்ப்பிணிப் பெண்கள் பட்டியலில் ஓவியா பெயருக்கு நேரே போன வாரம் முதல் பிரசவம் என்று பதிந்திருந்தார்.

"இத என்னன்னு போடட்டும்மா?"

அவர் ஓவியாவைத்தான் கேட்டார். பதில் சொன்னது இருளம்மாள்.

"ரெண்டாவதுன்னு போடுங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா வளையல் போடத்தான் செய்வேன். மூத்தவனுக்குன்னு வாங்கின வளையல் பீரோவுல அப்படியே இருக்கு, அதையும் சேத்துப் போடுவேன். எவ கேக்கான்னு பாக்கேன்."

"கேட்டா நான் வந்து சொல்றேன்" என்றார் அழகுமலை.

"நீங்க இன்னைக்குத்தான வாயத் தெறந்திருக்கீக. வாங்க, வாங்க."

வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்டீவன் இரண்டு பட்டியலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன் பட்டியலில் விட்டுப்போன பிறப்பைச் சேர்த்தார். இறப்பையும் சேர்த்தார். பிறகு ஒவ்வொன்றாக விரலை வைத்து டிக் போட்டுக்கொண்டே போனார். ஐந்துக்கு ஐந்து. கஸ்தூரியம்மாளின் பக்கத்தில் சிவப்பு எங்குமே விழவில்லை.

"ஐயா, நாலுன்னு போயிருந்தா இந்த ஊருக் கணக்குல அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும்" என்றார் ஸ்டீவன். "பிறப்பும் குறைஞ்சிருக்கும், குழந்தை இறப்பும் இல்லாமப் போயிருக்கும். பேப்பர்ல பாக்க அழகாத்தான் இருந்திருக்கும். தப்பா இருந்திருக்கும்." பேனாவை மூடினார். "நான் எட்டு ஊரு பாக்குறேன். எங்கயாவது இடிச்சா, எனக்கு முதல்ல சந்தேகம் வர்றது பதிவாளர் மேல. இனிமே இந்த ஊருல மட்டும் என் மேலதான் வரும்."

"அவ இல்லையே தம்பி இனிமே."

"பதிவேடு இருக்குல்ல."

கடைசித் தாளில் பதிவாளர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது. ஸ்டீவன் அதில் காலமானார் என்று சின்னதாக எழுதி, தேதி போட்டார். அதற்குக் கீழே உடன் வந்தவர் என்று ஒரு வரி சேர்த்து அழகுமலையிடம் பேனாவை நீட்டினார். அழகுமலை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தில்கூட அவ்வளவு நிதானமாகப் போட்டதில்லை.

கம்பத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஸ்டீவனை ஏற்றிவிட்டார். டீக்கடையில் இருந்த ஒருவர், "என்னண்ணே, டீச்சர் கணக்கு எல்லாம் சரியா இருந்துச்சாமா?" என்று கேட்டார். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"எப்ப தப்பா இருந்துச்சு?" என்றார் அழகுமலை.

வீட்டுக்கு வந்து அடுக்களைச் சுவரிலிருந்து காலண்டர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவளுடைய பென்சில் இன்னும் அதன் ஓரத்துக் கயிற்றில் தொங்கியது. இருபத்திரண்டு புள்ளியையும் எண்ணிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார். கீழேயிருந்து ஒன்று, இரண்டு என்று விரலால் ஏறி ஐந்தில் நின்றார். தோட்டத்தில் கொடி கட்டிப் பழகிய கைக்குப் பென்சில் சரியாகப் பிடிபடவில்லை. புள்ளி அவள் வைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. ஸ்கேல் வைத்து ஆறிலிருந்து ஐந்துக்குக் கோடு இழுத்தார்.

பிறகு அட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டி, நேராக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.